சரிவு மாறிய கத்தி

எங்கள் தோட்டத்தில் அவரை வார்க்காரர் என்று சொன்னால்தான் தெரியும். சொந்தப் பேர் பெரட்டுப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. காலையில் ஆட்களை எண்ணும்போது கணக்கப்பிள்ளை அந்தப் பேரைக் கூப்பிட்டால், அது யாருடைய பேரோ என்பதுபோல் கொஞ்சம் தாமதித்துத்தான் "இருக்கேங்க" என்பார். எனக்கு அந்தப் பேர் நன்றாக நினைவிருக்கிறது. ஆனாலும் எழுதமாட்டேன். அந்தப் புத்தகத்திலிருந்து அதை வெட்டிய அன்று பத்தடி தூரத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றவன் நான். அந்தப் பேரைத் திரும்ப எழுதுகிற யோக்கியதை எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அது பதுளைக்கு ரயில் வராத காலம். லுணுகலையிலிருந்து மூன்று மைல் கட்டை மேலே ஏறினால் எங்கள் தோட்டம். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் தண்ணீரால் சுற்றுகிற ஒரு பெரிய ரோதை இருந்தது. அது சுற்றினால் நீளநீளமான தோல் பட்டைகள் வழியாக மற்ற எல்லா இயந்திரமும் சுற்றும். அந்தப் பட்டையைத்தான் வார் என்போம். ஓரம் பிய்ந்து குப்பைக்குப் போகவிருந்த வார் ஒன்றை அவர் ஸ்டோர் மேஸ்திரியிடம் கேட்டு வாங்கினார். ஸ்டோருக்குக் காவல் நிற்கும் ரோதைமுனிக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அதை வெளியே எடுத்தாராம். மூன்று விரல் அகலத்துக்கு அறுத்து, இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்து வளையமாக்கினார். மேலே ஒரு சின்ன மரச் சக்கரம், கீழே ஒரு பெரிய சக்கரம், இரண்டையும் சுற்றி அந்த வார். காலால் பலகையை மிதித்தால் வார் ஓடும்.

வாரின் முதுகில் வச்சிரப் பசை தடவி, அதன்மேல் எமரி என்கிற கருந்தூளைத் தூவிக் காயவைத்திருப்பார். ஓடுகிற வாரில் கத்தியைக் காட்டினால் போதும், இரும்பு மாவாக உதிரும். தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தி உள்பக்கமாக வளைந்தது. சாணைக்கல் அந்த வளைவுக்குள் போகாது. வார் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், கத்தியின் வயிற்றுக்குள் போய்த் தொட்டுவிட்டு வரும். சாணைக்காரர் ஒருவர் அரை நாள் மல்லுக்கட்டுகிற வேலையை இவர் ஒரு வாய் வெற்றிலை மெல்லுவதற்குள் முடித்துவிடுவார்.

பசை காய்ச்சுவது அவர் சம்சாரம். மாட்டுத் தோலும் குளம்பும் வேகிற நாற்றம் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தின் கடைசிக் காம்பிரா வரைக்கும் போகும். மழைக்காலத்தில் பசை காயாது என்பதால் வாரை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டிருப்பார்கள். அந்த வீட்டுச் சோற்றில் எமரி கடிபடும் என்று பெண்கள் கேலி பேசுவார்கள். அந்தம்மாவும் சிரித்துக்கொண்டு, "அதனாலதான் எங்க பல்லு கூரா இருக்கு" என்பார்.

அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல வேண்டும் என்றால் இதைச் சொல்வேன்: அவர் யாரையும் எதுவும் கேட்கமாட்டார். கத்தியைக் கொண்டுபோனால் முகத்தைப் பார்க்கமாட்டார். கத்தியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், கைப்பிடியில் கட்டை விரல் அழுத்தி அழுத்திக் கறுத்துப்போன இடத்தைத் தடவுவார், முனையை நகத்தில் வைத்து இழுப்பார். வந்தவன் எப்படித் தீட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தால் எல்லோருக்கும் ஒரே பதில்.

"சும்மா இரு. கத்தி சொல்லுது."

பங்களாச் சமையற்காரர் ஒரு தடவை துரை வீட்டுக் கத்தியோடு வந்தார். பங்களாவில் வேலை என்பதால் அவருக்கு நடையே வேறு.

"கோழி அறுக்குற கத்தி. பதமாத் தீட்டிக் குடுங்க."

வார்க்காரர் கத்தியைப் பார்த்தார். "இதால வெறகு பொளந்திருக்கு."

"யாரு? நானா? சீமையிலருந்து வந்த கத்திய எவனாவது வெறகுல வைப்பானா?"

"நீங்க சும்மா இருங்க. கத்தி சொல்லுது."

அதற்கப்புறம் அந்தச் சமையற்காரர் லயத்துப் பக்கம் வந்தால், இன்றைக்குக் கோழி சவுக்குக் கட்டையா, சவண்டல் கட்டையா என்று யாராவது கேட்காமல் விட்டதில்லை.

தன் கைவேலையில் பிழை என்று எவர் சொன்னாலும் அவர் ஏற்றதில்லை. இதைத் திமிர் என்றுதான் பலர் சொன்னார்கள். ஒரு முறை ஒருவன் கத்தி வெட்டவில்லை என்று கங்காணியிடம் முறையிட்டான். வார்க்காரர் அந்தக் கத்தியை வாங்கிக்கொண்டு மலைக்கு ஏறிப்போனார். ஒரு செடியைத் தலை முதல் இடுப்பு வரை வெட்டிக் காட்டிவிட்டு, "கத்தி முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. கைதான் தூங்குது" என்று திருப்பிக் கொடுத்தார். இன்னொரு முறை துரையே ஒரு கத்தியைப் பார்த்து, ரொம்ப மெல்லிசாகத் தீட்டிவிட்டாய் என்றார். கணக்கப்பிள்ளை அதைத் தமிழில் சொன்னார்.

"இல்லீங்க" என்றார் வார்க்காரர்.

கணக்கப்பிள்ளை துரை பக்கம் திரும்பி, ஆமாம் என்கிறான், இனிமேல் கவனமாகச் செய்வானாம் என்று இங்கிலீஷில் சொல்லி அவரைக் காப்பாற்றினார். இதைக் கணக்கப்பிள்ளையே பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

காய்ச்சல் பரவிய வருஷம் கவ்வாத்து ஆள் ஒருவர் செத்துப்போனார். கத்தி தோட்டத்துச் சொத்து, அடுத்த ஆளுக்குப் போக வேண்டும். வார்க்காரர் அதைப் புதிய ஆளுக்குக் கொடுப்பதற்கு முன்னால் பழைய பிடியைக் கழற்றினார். கொய்யாக் கட்டையில் புதுப் பிடி செதுக்கிப் போட்டார். பழைய பிடியை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அந்தச் செத்தவர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"இரும்பு தொரையோடது. பிடி ஒங்க வீட்டுக்காரரோடது" என்று சொல்லி அந்தம்மா கையில் கொடுத்தார். அந்தக் கட்டை விரல் தழும்பில் தன் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு அந்தம்மா அழுததை நான் பார்த்தேன். அதை அவர்கள் வீட்டில் சாமி விளக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். வராமல் இருக்க முடிந்தால் இருந்திருப்பேன்.

நான் நொட்டாங்கைக்காரன். சாப்பிடுவது, கும்பிடுவது, வாங்குவது எல்லாம் அடித்துப் பழக்கி வலது கைக்கு வந்துவிட்டன. கத்தி மட்டும் வரவில்லை. கத்தியைக் கண்டால் என் இடது கைதான் முதலில் நீளும். கவ்வாத்து வெட்டும்போது ஆட்கள் வரிசையாகப் போவார்கள். ஒரு கையால் கிளையைப் பிடித்து, மறு கையால் கத்தியைக் கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு. எல்லோரும் ஒரே பக்கமாக இழுக்கிற வரிசையில் ஒருவன் மட்டும் மாற்றி இழுத்தால் பக்கத்து ஆளுக்கு ஆபத்து. கங்காணி சொன்ன இந்தக் காரணம் நியாயமானதுதான்.

அவர் சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. கவ்வாத்து தொடங்குகிற நாளில் மலையின் முதல் செடிக்கடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, கவ்வாத்துச் சாமி என்று கும்பிடுவோம். எல்லாக் கத்தியையும் அதன் முன்னால் பரப்பிவைத்து, தேங்காய் உடைத்து, ஒவ்வொருவரும் வலக்கையால் கத்தியை எடுத்து முதல் கிளையை வெட்ட வேண்டும். கவ்வாத்து ஆளாகச் சேர்ந்த முதல் வருஷம் பதற்றத்தில் நான் இடக்கையால் எடுத்து இடக்கையாலேயே வெட்டிவிட்டேன். அந்த வருஷம் கச்சான் காற்று விடாமல் அடித்துத் துளிரெல்லாம் கருகிப்போனது. காற்றை நான்தான் கூட்டிவந்ததாக எல்லோரும் முடிவுகட்டினார்கள்.

அடுத்த வருஷம் அதே கல்லுக்கு முன்னால் கங்காணி சூடத்தைக் கொளுத்தி என்னை நிறுத்தினார்.

"இனி கத்திய எடுத்தா சோத்தாங்கையாலதான்னு சொல்லு."

சொன்னேன்.

"மீறுனா எங்க வீட்டுல ரத்தம் சிந்தும்னு சொல்லு."

அதையும் சொன்னேன். சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தேன். பக்கத்தில் என் அக்கா நின்றாள். அக்கா புருஷன் சின்னையா மச்சானும் நின்றார். கெஞ்சிக் கூத்தாடி என்னைக் கவ்வாத்து வேலையில் சேர்த்துவிட்டவரே அவர்தான். சத்தியம் முடிந்ததும் இரண்டு பேர் முகத்திலும் நிம்மதி தெரிந்தது.

அந்தச் சத்தியத்தை நான் பன்னிரண்டு நாள் காப்பாற்றினேன். வலக்கை கொப்புளித்து, தண்ணீர் கோத்து, வெட்டிய கிளையெல்லாம் நார் நாராகத் தொங்கியது. மற்றவர்கள் பகலோடு வரிசையை முடித்துவிட்டு இறங்குவார்கள், நான் பாதியில் நிற்பேன். பதின்மூன்றாம் நாள் பள்ளத்து ஓரமாக இருக்கிற கடைசி வரிசையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அங்கே எனக்கு இடப்பக்கம் ஆள் கிடையாது. கங்காணி முதுகைக் காட்டியதும் கத்தி கை மாறும். அவர் திரும்பினால் அதுவும் திரும்பும்.

சனிக்கிழமை கத்திகள் எல்லாம் தீட்டுவதற்குப் போகும். திங்கட்கிழமை கத்திக் கொட்டகையில் அவரவர் ஆணியில் அவரவர் கத்தி தொங்கும். இப்படி ஒரு மாதம் போன பிறகு, ஒரு திங்கட்கிழமை பள்ளத்து ஓரத்தில் கத்தியை இடக்கைக்கு மாற்றி இழுத்தேன். கிளை சத்தமில்லாமல் வந்துவிட்டது. இன்னொன்று இழுத்தேன், அதுவும் அப்படியே. கத்தியைத் திருப்பிப் பார்த்தபோதுதான் விளங்கியது. கவ்வாத்துக் கத்திக்கு ஒரு பக்கம்தான் சரிவாகத் தீட்டுவார்கள், மறுபக்கம் தட்டையாக இருக்கும். வலக்கைக்காரனுக்கு எந்தப் பக்கம் சரிவோ, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் என் கத்தியில் சரிவு இருந்தது. பிடியில் என் இடது கட்டை விரல் பதிந்த கறுப்பை அவர் படித்திருக்கிறார். சத்தியமெல்லாம் கத்திக்குத் தெரியாதே, அது உள்ளதைச் சொல்லியிருக்கிறது.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். வார் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே" என்றேன்.

"என்னா?"

"ஒண்ணுமில்லண்ணே."

"ஒண்ணுமில்லன்னா எதுக்கு நின்னு வெளிச்சத்த மறைக்கிற?"

நான் விலகிக்கொண்டேன். இந்த விஷயமாக நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். மூன்று வருஷம் அவர் என் கத்தியை என் கைக்கே தீட்டிக் கொடுத்தார். ஒரு நாளும் ஜாடையாகக்கூட ஒன்றும் காட்டியதில்லை. பெற்ற தாய் துணி சுற்றிக் கட்டிவைத்த கையை அந்த மனுஷன் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. அவர்மேல் எனக்கு இருந்தது மரியாதை என்று அப்போது எண்ணிக்கொண்டிருந்தேன். அது பாசம்தான். சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

மூன்றாம் வருஷக் கவ்வாத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டது. நான் லயத்தில் படுத்துவிட்டேன். அதே நாளில் சின்னையா மச்சானுடைய கத்திப் பிடி வெடித்து, வார்க்காரரிடம் பிடி மாற்றுவதற்குப் போயிருந்தது. கொட்டகையில் என் ஆணியில் என் கத்தி சும்மா தொங்கியது. "மாப்ள கத்திதானே, ஒரு நாளைக்கு ஆகட்டும்" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனாராம். வார்க்காரர் அப்போது ஸ்டோரில் இருந்தார். அவரைக் கேட்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அன்று மலையில் பனிமூட்டம், கிளையெல்லாம் ஈரம். மச்சான் கிளையை இடக்கையால் பிடித்து வலக்கையால் இழுத்தார். சரிவு மாறியிருந்ததால் கத்தி கிளையைக் கடிக்கவில்லை. வழுக்கிக்கொண்டு மேலே ஓடிப் பிடித்திருந்த கையில் போய் நின்றது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அங்கேயே விழுந்துவிட்டன.

அவரைத் தூக்கிக்கொண்டு லயத்து வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அக்கா பின்னாலேயே தலைவிரி கோலமாக ஓடினாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஓங் கத்திதான்டா" என்று யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டில் ரத்தம் சிந்தும் என்று சூடத்தின்மேல் சொன்ன வாய் என்னுடையது. வாசல் மண்ணில் கிடந்ததும் எங்கள் வீட்டு ரத்தம்தான்.

மறுநாள் காலை பெரட்டுக் களத்துக்கு துரை வந்தார். நானும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போய் மூன்றாம் வரிசையில் நின்றேன். கத்தியைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். துரை அதை எடுத்து இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

"இந்தக் கத்திய யாரு தீட்டினதுன்னு தொரை கேக்குறாரு" என்றார் கணக்கப்பிள்ளை.

"நாந்தாங்க" என்றார் வார்க்காரர்.

"சரிவு ஏன் மறுபக்கம் இருக்கு?"

அவர் கையைக் கட்டிக்கொண்டு கத்தியையே பார்த்துக்கொண்டு நின்றார். கங்காணியின் கண்கள் மெதுவாக வரிசை வரிசையாக நகர்ந்து என் பக்கம் வருவதைப் பார்த்தேன்.

"இது யாரு ஆணியில தொங்குன கத்தி..." என்று கங்காணி தொடங்கினார்.

அவர் முடிப்பதற்குள் வார்க்காரர் பேசினார். "கவனக்கொறவுங்க. தப்பாத் தீட்டிட்டேன்."

கணக்கப்பிள்ளை உடனே மொழிபெயர்க்கவில்லை. அவருக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை என்று நினைக்கிறேன். துரை முகத்துக்கு நேரே இல்லை என்று சொன்ன ஆள் அல்லவா? "யோசிச்சுச் சொல்லுய்யா" என்றார் தணிந்த குரலில்.

"யோசிச்சுட்டேங்க. என் தப்புதான்."

ஒரு சொல்லில் எல்லாம் முடிந்திருக்கும். அது என் கைக்குத் தீட்டிய கத்தி என்று நான் சொல்லியிருந்தால் போதும். சொன்னால் சத்தியம் தவறியவன் என்று தோட்டமே காறித் துப்பும், கவ்வாத்து வேலை போகும். அதெல்லாம்கூடப் பெரிதில்லை. மச்சானுடைய இரண்டு விரலையும் என் நாக்குத்தான் தின்றது என்று அக்கா நினைப்பாள். அந்த எண்ணத்தைத் தாங்க எனக்குத் தைரியம் இல்லை. எனக்கு வேண்டியிருந்த தைரியத்தை அவர் தன் கணக்கில் செலவழித்துவிட்டார். நான் கம்பளியை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டேன்.

அங்கேயே அவர் பேரை வெட்டினார்கள். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் மண்ணை வாரித் தூற்றினாள். "எங் குடும்பத்த நொண்டியாக்கிட்டியே, நீ நல்லாயிருப்பியா" என்று கத்தினாள். அவர் கண்ணில் விழுந்த மண்ணைத் துடைத்துக்கொண்டார், வேறொன்றும் செய்யவில்லை. அந்த மண் என் தலையில் விழுந்திருக்க வேண்டியது.

பொழுது சாய்வதற்குள் தோட்டத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். சக்கரங்களைக் கழற்றித் தலைச்சுமையாகக் கட்டினார். வார் தோட்டத்துச் சொத்து, அதை வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று கங்காணி ஆள் அனுப்பினார். அவரே அதைக் கொண்டுவந்து கத்திக் கொட்டகையில் மாட்டினார். காலியாக இருந்தது என் ஆணி மட்டும்தான். அதில் மாட்டிவிட்டுப் போனார்.

பாதை திரும்புகிற இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். எதற்காக நின்றேன் என்று கேட்டால் தெரியாது. அவர் என்னைப் பார்க்காமல் கடந்து போனார். அவர் சம்சாரம் பசைச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார். என் முன்னால் நின்று என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"காய்ச்சல் விட்டுருச்சா தம்பி?" என்றார்.

"விட்டுருச்சுக்கா."

"சரி" என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்தம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று அந்தச் சரியில் எனக்குப் புரிந்தது.

மறு வருஷமே நான் தோட்டத்தை விட்டுவிட்டேன். பதுளையில் ஒரு சாமான் கடையில் மூட்டை பிரிக்கிற வேலை கிடைத்தது. கயிறும் சாக்கும் அறுப்பதற்கு இடுப்பில் ஒரு கத்தி வைத்திருப்பேன். எந்தக் கையால் அறுக்கிறேன் என்று கடையில் எவரும் பார்க்கவில்லை. சாக்குக்குச் சாமி கிடையாது. இத்தனை எளிதாக இருந்திருக்கலாமே என்று நினைத்து நினைத்துப் பல நாள் எனக்கு ஆத்திரம் வரும். யார்மேல் என்று தெரியாது.

பதுளைக்கு ரயில் வந்ததற்கு அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவும் மச்சானும் என்னைப் பார்க்க வந்தார்கள். மூவருமாகச் சந்தைக்குப் போனோம். மச்சான் இடக்கையை எப்போதும்போல் சால்வைக்குள் மறைத்திருந்தார். சந்தைக் கோடியில், வெலிமடைக் காய்கறிக்காரர்கள் வரிசைக்கு அந்தப் பக்கம், ஒரு சத்தம் கேட்டது. அதை நான் எங்கே கேட்டாலும் தெரிந்துகொள்வேன். வார் ஓடுகிற சத்தம்.

தலை நரைத்திருந்தது. கால் மிதிக்கும் பலகை அதேதான். வார் மட்டும் தோல் இல்லை, சாக்குத் துணியை நாலாக மடித்துத் தைத்திருந்தார். பக்கத்தில் அவர் சம்சாரம் இல்லை. ஒரு சிங்களத்து விவசாயி கத்தியை நீட்டினார். அவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி அந்த ஆளின் முகத்தைப் பார்த்து, "கொயி அதட்டத?" என்று கேட்டார். எந்தக் கைக்கு என்று கேட்டார். அந்த ஆள் சிரித்துக்கொண்டே வலது கையைத் தூக்கிக் காட்டினார். அடுத்து வந்த தமிழ் ஆளிடமும் அதே கேள்வி. ஆயுளில் யாரையும் ஒரு வார்த்தை கேட்காத மனுஷன், வருகிறவன் போகிறவன் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் போய்விடலாம் என்று அக்காவின் கையைப் பிடித்தேன்.

"அந்தாளுதானே?" என்றார் மச்சான்.

நான் தடுப்பதற்குள் என் இடுப்புக் கத்தியை உருவிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார். சால்வையை விலக்கி, மூன்று விரல் கையை நீட்டிக் காட்டினார்.

"தெரியுதா?"

வார் நின்றது. "தெரியுது" என்றார் அவர்.

"இது எங்க மாப்ள கத்தி. இதையாவது கேட்டுத் தீட்டு."

கத்தி அவர் கைக்குப் போனது. வெளிச்சத்தில் திருப்பினார். பிடியைத் தடவியபோது கட்டை விரல் ஓர் இடத்தில் நின்றது. அங்கே என் இடது கட்டை விரல் வருஷக்கணக்காக அழுத்திய கறுப்பு இருந்தது. அவருக்குக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பழகிய இத்தனை காலத்தில் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அன்றுதான்.

"எந்தக் கைக்கு தம்பி?"

மச்சான் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். "சோத்தாங்கைக்குத்தான்" என்றேன்.

அவர் வாரை மிதிக்கவில்லை. கட்டை விரலை அந்தக் கறுப்பிலிருந்து எடுக்கவும் இல்லை. மறுபடியும் கேட்டார்.

"எந்தக் கைக்கு?"

"சோத்தாங்கைக்கு" என்றேன். இந்த முறை சத்தமாகவே வந்தது.

அவர் தலையை ஆட்டினார். வார் ஓடியது. நான் சொன்ன பக்கமே சரிவு வைத்தார், அவசரப்படாமல், முனை வரைக்கும் ஒழுங்காக. முடித்ததும் துணியில் துடைத்து, பிடியை என் வலக்கைப் பக்கமாக நீட்டினார். நான் வாங்கும்போது, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பாத்துப் பிடி தம்பி. மொதல்ல கொஞ்சம் வழுக்கும்."

அடுத்த ஞாயிறு நான் தனியாகப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அவர் இருந்த இடத்தில் யாரோ லீக்ஸ் குவித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அதற்கு அடுத்த ஞாயிறும் போனேன். கேட்டதற்கு, மொனராகலைப் பக்கம் போனதாக ஒருவரும், ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டதாக ஒருவரும் சொன்னார்கள்.

அக்கா முன்னாலேயே போய்விட்டாள். மச்சான் போன மாசியில் காலமானார். சாகிறவரைக்கும் அவர் வார்க்காரரைத் திட்டிக்கொண்டுதான் இருந்தார், நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இனிமேல் என்னிடம் கோபித்துக்கொள்ள ஆள் இல்லை என்று ஆன பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். என் தைரியத்தின் அளவு அவ்வளவுதான்.

அந்தக் கத்தியை அதற்கப்புறம் நான் எதற்கும் எடுக்கவில்லை. துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். தப்பாகத் தீட்டிவிட்டேன் என்று பெரட்டுக் களத்தில் அவர் சொன்னது பொய். வாழ்நாள் முழுக்க அவர் கையால் தப்பாகத் தீட்டிய கத்தி இது ஒன்றுதான், இதையும் நான் சொல்லித்தான் தீட்டினார்.